பாம்படத்துக்குள் எவ்வளவு தங்கம்? பழைய நகையை விற்குமுன் போட வேண்டிய கணக்கு

தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் பழைய தங்கம் பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் இருக்கும். திருகு தொலைந்த கம்மல், ஒற்றை ஜிமிக்கி, அறுந்த சங்கிலி, குழந்தைக்குப் போட்டு நெளிந்துபோன மோதிரம், ஆச்சி காதில் கிடந்த பாம்படம். கல்லூரிக் கட்டணமோ ஆஸ்பத்திரிச் செலவோ வரும்போது அவை கடைக்குப் போகின்றன. தராசில் வைக்கிறார்கள், உரசுகிறார்கள், ஒரு தொகை சொல்கிறார்கள். அந்தத் தொகை எப்படி வந்தது என்று கேட்பவர் குறைவு. பேரம் பேசுபவர்கூட அன்றைய பவுன் விலையைப் பற்றித்தான் பேசுகிறார். அந்த விலை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் வந்துவிடுகிறது. அதில் ஏமாற்ற இடம் குறைவு. விற்பவர் இழப்பது கழிவில். எடையில் என்ன கழித்தார்கள், தரத்தில் என்ன கழித்தார்கள், அதே கழிவை இரண்டு முறை கழித்தார்களா என்பதுதான் முழுக் கேள்வியும்.

இந்த வட்டாரத்தில் அதை விளக்கப் பாம்படத்தைவிட நல்ல பொருள் இல்லை. தென்மாவட்டங்களில் பெண் குழந்தைகளுக்குக் காது வளர்த்து, துளையைப் பெரிதாக்கி, பாம்படமும் தண்டட்டியும் போடும் வழக்கம் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பரவலாக இருந்தது. கட்டமும் உருண்டையும் தகடுமாக அடுக்கிய அந்த வடிவங்கள் பார்வைக்குக் கனமான கட்டிகள். உள்ளே பெரும்பாலும் அரக்கு. மெல்லிய தங்கத் தகட்டை வடிவத்துக்கு வளைத்து, பற்றவைத்து, நசுங்காமலிருக்க உள்ளே அரக்கை நிரப்புவார்கள். தன் சாவுச் செலவுக்கு இது போதும் என்று சொல்லிக்கொண்டே பல கிழவிகள் அதைக் கடைசிவரை கழற்றாமல் இருந்தார்கள். 2023இல் வந்த ‘தண்டட்டி’ திரைப்படம் அந்த நகையைச் சுற்றி ஒரு குடும்பம் படும் பாட்டைச் சொன்னது. அப்படிக் கைமாறி வந்த பாம்படத்தைப் பேரன் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, “அஞ்சு பவுன் இருக்கும்னு அம்மா சொன்னா” என்பான். அந்த 5 பவுனில் அரக்கும் சேர்ந்திருக்கிறது என்பது அம்மாவுக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம்.

அரக்கைத் தனியாகக் கணக்கில் காட்ட வேண்டும் என்பது புதிய யோசனை ஒன்றும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசனும் அவன் அக்கா குந்தவையும் பிறரும் கொடுத்த நகைகளைப் பற்றிய கல்வெட்டுகள் ஆயிரம் ஆண்டுப் பழமை உடையவை. எந்த எடைக்கல்லால் நிறுத்தது என்பதே அவற்றில் பெயரோடு வருகிறது. பொன்னை நிறுக்க ‘ஆடவல்லான்’ என்னும் கல், மணிகள் பதித்த அணிகளை நிறுக்க ‘தட்சிணமேரு விடங்கன்’ என்னும் கல். எடையில் அரக்கு சேர்ந்திருக்கிறதா, கோத்த சரடு நீக்கப்பட்டதா என்பதையும் விடாமல் பொறித்திருக்கிறார்கள். முத்துகளை எண்ணி, வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி, சக்கத்து என்று தரம் பிரித்து எழுதியிருக்கிறார்கள். பிற்காலத்தில் எவனும் கைவைத்தால் தெரிந்துவிட வேண்டும் என்பதற்கான பதிவு அது. ஒரு நகையின் மொத்த எடை ஒன்று, அதில் பொன்னின் எடை வேறொன்று. இரண்டையும் தனித்தனியே எழுதினால்தான் கணக்கு. இதை அரசன் தன் கோயில் சுவரிலேயே வெட்டிவைத்த நாட்டில், பழைய நகை வாங்கும் கடைகள் பலவற்றில் இன்று ஒரு துண்டுச் சீட்டில் கடைசித் தொகை மட்டும் எழுதித் தருகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

முதல் எண், ஆகவே, நிகர எடை. கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே மொத்த எடையை எடுத்துக்கொள்வது நல்லது. 0.01 கிராம்வரை காட்டும் சிறிய மின்தராசு இப்போது அதிக விலை இல்லை. கடைத் தராசில் எடைபோடும்போது தராசு சுழியத்தில் நிற்கிறதா என்று பார்த்து, அதில் முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வணிகத் தராசுகளை எடையளவுச் சட்டப்படி ஆண்டுதோறும் சோதித்து முத்திரையிட வேண்டும். தமிழ்நாட்டில் அது தொழிலாளர் துறையின் வேலை. கல், அரக்கு, நூல், எனாமல், சங்கிலிக் கொக்கியில் இருக்கும் இரும்பு வில் ஆகியவை கழிய வேண்டியவை; கழிவதில் தவறு இல்லை. ஆனால் “கல்லுக்கு ரெண்டு கிராம் போகும்” என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கணக்காகாது. கல்லைக் கழற்றி நிறுக்கச் சொல்லலாம். கழற்றிய கல் விற்பவருடையது. அரக்கு நிரப்பிய நகையில் இதுவும் செல்லாது. உருக்கிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இந்த இடத்தில், உருக்கக் கூடாத தங்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இதே வட்டாரத்தில், பழைய தாழிகள் புதைந்த ஆதிச்சநல்லூரில், அது வெறும் பேச்சுக்கான எச்சரிக்கை இல்லை. பெர்லினிலிருந்து வந்த யாகோர் 1876இல் இங்கே தோண்டினார். அலெக்சாந்தர் ரீ 1899 முதல் 1905 வரை அகழ்ந்தபோது முதுமக்கள் தாழிகளோடு இரும்பும் வெண்கலமும் தங்க நெற்றிப்பட்டங்களும் கிடைத்தன. இரு முனையிலும் துளையிட்ட மெல்லிய நீள்வட்டத் தகடுகள் அவை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரீ சேர்த்தவை இருக்கின்றன. மத்தியத் தொல்லியல் துறை 2004-05இல் சத்தியமூர்த்தி தலைமையில் மறுபடி அகழ்ந்தது. அண்மை அகழாய்வில் 2022 ஆகஸ்டில் இன்னொரு தங்கப்பட்டம் வெளிவந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், அகழ்ந்த குழியின் மேல் கண்ணாடித் தளமிட்டுத் தாழிகளை இருந்த இடத்திலேயே காட்டும் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

அந்தப் பட்டங்களைத் தராசில் வைத்தால் எடை சொற்பம்தான். தங்கக் கணக்கில் ஒரு பெரிய நகைக்கடை வாசலில் நிற்கக்கூடக் காணாது. ஆனால் எந்தத் தாழியில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது சேரும்போதுதான் அது சரித்திரம் ஆகிறது. அந்தத் தகவல் உருக்கும் மூசையில் முதலில் போய்விடும். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் இருந்தால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருளும் அணியும் தொல்பொருள் ஆகலாம். அதை அரசின் அனுமதியின்றி வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. உழும்போதோ கிணறு வெட்டும்போதோ தகடு ஒன்று கிடைத்தால், அதைத் தட்டாசாரியிடம் காட்டி மாற்று கேட்பதற்கு முன் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போவதே சரி.

வீட்டு நகைக்கு வருவோம். இரண்டாவது எண், தரம். மாற்று என்று முன்பு சொன்னதை இன்று காரட்டிலும் ஆயிரத்துக்கு இத்தனை என்றும் சொல்கிறோம். 22 காரட் என்பது 916, 18 காரட் என்பது 750.

உரைகல்லில் தேய்த்து, பக்கத்தில் தரம் தெரிந்த ஊசியின் கோட்டையும் இழுத்து, அமிலம் விட்டு நிறத்தை ஒப்பிடுவது பழைய முறை. கைதேர்ந்த ஆசாரியின் கண் வியக்கத்தக்க அளவு நெருங்கும். ஆனாலும் அது பார்ப்பவரின் கண்ணும் கையும்தான். அர்த்தசாத்திரத்தில் பொன்னை உரைக்கும் பகுதியில், நகத்துக்குள் காவிப்பொடியை ஒளித்து வைத்துக் கோட்டின் மேல் தூவும் மோசடியைப் பற்றிய எச்சரிக்கை இருக்கிறது. முத்துகளின் வகை சொல்லும்போது தாம்ரபர்ணிகம், பாண்டிய கவாடகம் என்ற பெயர்களைத் தரும் நூலும் அதுவே. இந்தக் கடற்கரையின் முத்துக்கு அந்த நாளிலேயே சந்தை இருந்தது. உரைகல்லில் தில்லுமுல்லும் அந்த நாளிலேயே இருந்தது.

இப்போது பல கடைகளில் எக்ஸ் கதிர் கருவி வைத்திருக்கிறார்கள். நகையைப் பெட்டிக்குள் வைத்தால் அரை நிமிடத்தில் தங்கம் இத்தனை, வெள்ளி இத்தனை, செம்பு இத்தனை என்று திரையில் வரும். நகைக்குச் சேதம் இல்லை. ஆனால் அது பார்ப்பது மேற்பரப்பை மட்டும், ஒரு மயிரிழைக்கும் குறைவான ஆழம். மேல்பூச்சு இருந்தால் கூடுதலாகக் காட்டும். பற்றாசு வைத்த மூட்டில் குறைவாகக் காட்டும். அந்தக் காலத்துப் பற்றாசில் செம்பும் வெள்ளியும் அதிகம். காப்பு ஒன்றில் மூட்டு ஒன்றுதான்; சின்னச் சின்ன வளையங்களைக் கோத்த சங்கிலியில் மூட்டுகள் நூற்றுக்கணக்கில். ஆகவே சங்கிலியை முழுதாக உருக்கும்போது தரம் இறங்குவது இயல்பு. கருவியில் சோதிப்பதானால் மூன்று நான்கு இடங்களில் வைத்துப் பார்க்கக் கேட்க வேண்டும். ஒரே ஒரு அளவை ஏற்கக் கூடாது.

கடைசி வார்த்தை தீயினுடையது. ஒரு துளி மாதிரியை நுண்தராசில் நிறுத்து, வெள்ளியும் ஈயமும் சேர்த்து, நுண்துளைக் கிண்ணத்தில் வைத்துச் சூளையில் ஏற்றினால் ஈயமும் செம்பும் கிண்ணத்தில் ஊறிப் போகும். மிஞ்சியதை நைட்ரிக் அமிலத்தில் இட்டால் வெள்ளி கரைந்து தங்கம் தங்கும். சோழர் கல்வெட்டுகளில் வரும் ‘தீப்போக்குச் செம்பொன்’ தீயில் நின்று தேறிய பொன்தான். இன்று இந்தச் சோதனையை இந்தியத் தர நிர்ணய அமைவனம், அதாவது பி.ஐ.எஸ்., அங்கீகரித்த ஹால்மார்க் மையங்கள் செய்கின்றன. பொதுமக்கள் தங்கள் பழைய நகையை இந்த மையங்களில் கொடுத்துத் தரச் சோதனை செய்துகொள்ளலாம். நான்கு நகைகள்வரை 200 ரூபாய், அதற்கு மேல் நகைக்கு 45 ரூபாய் என்று 2022இல் மத்திய அரசு அறிவித்தது. இந்த வசதியைப் பயன்படுத்துபவர்கள் மிகக் குறைவு என்றே நினைக்கிறேன். லட்ச ரூபாய்ப் பொருளை விற்பவர் 200 ரூபாய் செலவழித்து ஓர் எழுத்துச் சான்று வாங்கிக்கொண்டு போனால் கடையில் பேச்சே வேறு.

ஹால்மார்க் இந்தியாவில் 2000த்தில் தொடங்கியது. 2021 ஜூன் 16 முதல் 256 மாவட்டங்களில் கட்டாயம் ஆயிற்று. 2023 ஏப்ரல் 1 முதல் கடைகள் ஆறு எழுத்தெண் கொண்ட தனி அடையாளக் குறி இல்லாத ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. இவையெல்லாம் விற்கும் கடைக்கான விதிகள். வீட்டில் இருக்கும் முத்திரையில்லாப் பழைய நகையை யாரும் விற்கலாம். முத்திரை இல்லை என்பதைக் காட்டி விலையைக் குறைப்பவரிடம் இதைச் சொல்லலாம். அடையாளக் குறி இருக்கும் நகையானால் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த ஆறு எழுத்தெண்ணை இட்டால் தரமும் முத்திரையிட்ட மையமும் தெரியும். முத்திரை சொன்ன தரத்தைவிடக் குறைவு என்று நிரூபணமானால், குறைந்த தங்கத்தின் மதிப்பைப் போல இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் விற்ற கடை தர வேண்டும் என்று 2018ஆம் ஆண்டு பி.ஐ.எஸ். விதிகள் சொல்கின்றன.

நகை எந்தக் காலத்தில் செய்தது என்பதும் தரத்தைப் பற்றி ஓரளவு சொல்லும். 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்யத் தடை விதித்தன. சில ஆண்டுகளில் அந்தத் தடை தளர்ந்தது. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் மட்டும் 1990 வரை நீடித்தது. பட்டறைகள் அணைந்து தட்டாசாரிகள் பட்ட துன்பம் தனிக் கதை. அந்த ஆண்டுகளில் கலியாணம் நடந்த வீடுகளில் தரம் குறைந்த நகை இருக்கக்கூடும். அதற்காகச் செய்தவரைத் திட்ட வேண்டியதில்லை.

வீட்டில் தோராயமாகத் தரம் பார்க்க நீரே போதும். தராசின் மேல் தண்ணீர்க் குவளையை வைத்துச் சுழியமாக்கிக்கொண்டு, நூலில் கட்டிய நகையைக் குவளையின் அடியைத் தொடாமல் நீரில் முழுக்க வேண்டும். தராசு காட்டும் எண்ணால் நகையின் எடையை வகுத்தால் அடர்த்தி வரும். 16 கிராம் காப்புக்குத் தராசு 0.90 காட்டினால் அடர்த்தி ஏறக்குறைய 17.8, அது 22 காரட்டுக்கு உரியது. 18 காரட்டானால் 15.5 அளவில் நிற்கும். சுத்தத் தங்கம் 19.3. குழலாகவோ அரக்கு நிரப்பியோ கல் பதித்தோ இருந்தால் இந்தச் சோதனை செல்லாது. பாம்படத்துக்குப் பயன் இல்லை. ஆனால் அதில் அடர்த்தி மிகக் குறைவாக வந்தால் உள்ளே அரக்கோ வெற்றிடமோ இருக்கலாம் என்று தெரியும்.

மூன்றாவது எண், விலை. கணக்கு தப்பும் இடம் இதுதான்.

எடுத்துக்காட்டுக்காக 24 காரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அப்போது 22 காரட் கிராம் 9,160 ரூபாய். ஒரு சோடி பாம்படத்தின் மொத்த எடை 40 கிராம், வீட்டார் கணக்கில் 5 பவுன். 9,160 வீதம் 3,66,400 ரூபாய் வரும் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். உருக்கியபின் அரக்கு எரிந்து 28 கிராம் கட்டி மிஞ்சுகிறது. சோதித்தால் தரம் 880. ஆகச் சுத்தத் தங்கம் 28 பெருக்கல் 0.88, அதாவது 24.64 கிராம். இதை 24 காரட் விலையில் பெருக்கினால் 2,46,400 ரூபாய். நியாயமான மதிப்பு இதுதான். இதிலிருந்துதான் கடை தன் லாபத்தைக் கழிக்க வேண்டும்.

ஆனால் பல இடங்களில் 24.64 கிராமை 22 காரட் விலையால் பெருக்குகிறார்கள். அப்போது 2,25,702 ரூபாய்தான் வரும். 20,698 ரூபாய் காணாமல் போகிறது. 22 காரட் விலை என்பதே தரத்தைக் கழித்தபின் வந்த விலை. தரத்தை ஒரு முறை எடையில் கழித்துவிட்டு, மறுபடி அந்த விலையைப் போட்டால் அதே கழிவு இரண்டு முறை விழுகிறது. சுத்தத் தங்கத்தின் எடை என்றால் 24 காரட் விலை. 22 காரட் விலைதான் போடுவோம் என்றால் 24.64ஐ 0.916ஆல் வகுத்து 26.90 கிராம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போதும் அதே 2,46,400 வரும். எந்த விலையோடு எந்த எடையைப் பெருக்குகிறார்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் இந்தப் பணம் மிஞ்சும்.

பழைய நகையை வாங்கியபோது கொடுத்த சேதாரமும் செய்கூலியும் ஜி.எஸ்.டி.யும் திரும்பி வராது. அதை எதிர்பார்த்துப் போனால் எந்தக் கடையின் தொகையும் மோசடியாகவே தெரியும். மாற்றி நகை எடுத்தால் ஒரு விலை, பணமாகக் கேட்டால் வேறொரு விலை என்பதும் வழக்கம். மாற்றும்போது பழசுக்கு நல்ல விலை சொல்லிவிட்டு, புதுசின் சேதாரத்தில் எடுத்துவிடலாம். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் ஒப்பிட முடியாது.

உருக்கச் சம்மதிக்குமுன் கேட்க வேண்டியது ஒன்று: தொகை ஒத்துவராவிட்டால் கட்டியைத் திரும்பத் தருவார்களா? உருக்கிய பாம்படத்தை மறுபடி பாம்படமாக்க முடியாது என்பதே கடைக்குப் பெரிய பலம். நம் கண் முன்னால் உருக்க வேண்டும். வெங்காரம் போட்டு உருக்கியபின் மூசையிலும் கசடிலும் ஒட்டிய துளிகளையும் தட்டி எடுக்க வேண்டும். நகைக்கடைத் தெருவில் சாக்கடை மண்ணை அரித்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள் என்றால், பட்டறையில் சிந்துவது சும்மா போவதில்லை என்று பொருள்.

முத்தைப் பற்றி இந்தக் கரையில் தனியே சொல்ல வேண்டும். பழைய நகையில் கோத்த முத்தையும் பதித்த கல்லையும் கடைகள் கழிவாகவே எடுக்கின்றன. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியின் கடைசி முத்துக் குளிப்பு 1961இல் நடந்தது. அதற்கு முன் செய்த நகையில் இருப்பது இயற்கை முத்தாக இருக்கலாம், இறக்குமதியான வளர்ப்பு முத்தாகவும் இருக்கலாம். வெளித்தோற்றத்தில் இரண்டையும் பிரிக்க முடியாது. எக்ஸ் கதிர் படம் எடுக்கும் ரத்தினச் சோதனைக்கூடம்தான் சொல்லும். நல்ல இயற்கை முத்து, அதைத் தாங்கிய தங்கத்தைவிடக் கூடுதலாகப் பெறலாம். முத்து அமிலத்தையும் தீயையும் தாங்காது. அதைக் கழற்றி எடுத்துவைக்காமல் எந்த நகையையும் பட்டறைக்குள் விடக் கூடாது.

பணம் வாங்கும் வகையிலும் சட்டம் இருக்கிறது. வணிகர் ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. அதனால் ஒழுங்கான கடை வங்கி வழியேதான் தரும். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால் பெற்றவருக்கே, அதாவது நகையை விற்றவருக்கே, அதே அளவு அபராதம். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த நகையை விற்ற லாபத்துக்கு 2024 ஜூலை 23 முதல் 12.5 சதவீத வரி. ஆச்சியிடமிருந்து வந்த நகையானால் அவர் வாங்கிய விலையும் காலமுமே கணக்கு. 2001 ஏப்ரலுக்கு முந்தையது என்றால் அன்றைய சந்தை மதிப்பை விலையாக எடுத்துக்கொள்ளலாம்.

நகையை விற்காமல் அடகு வைப்பவருக்கு இப்போது நல்ல பாதுகாப்பு ஒன்று வந்திருக்கிறது. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1க்குள் நடப்புக்கு வர வேண்டும் என்று சொன்ன நகைக்கடன் விதிகளின்படி, கடன் வாங்குபவரின் கண் முன்னால் நகையை மதிப்பிட வேண்டும். காரட் எவ்வளவு, மொத்த எடை எவ்வளவு, நிகர எடை எவ்வளவு, கல், அரக்கு, கலப்பு உலோகம், நூல், கொக்கி ஆகியவற்றுக்கு எவ்வளவு கழித்தது என்று சான்றிதழ் எழுதித் தர வேண்டும். அரக்கையும் நூலையும் பெயர் சொல்லிக் கேட்கும் அந்த வரியைப் படித்தபோது எனக்குத் தஞ்சைக் கல்வெட்டே நினைவுக்கு வந்தது.

ஆனால் அந்த விதி கடன் கொடுப்பவரை மட்டுமே கட்டும். தங்கத்தை ஒரேயடியாகக் கைவிட்டு விற்பவருக்கே அந்தச் சான்றிதழ் அதிகம் தேவை. ஏனெனில் அவருக்குத் திரும்பிப் பார்க்க நகையும் மிஞ்சாது. பழைய நகை வாங்கும் ஒவ்வொரு கடையும் இதே நான்கு எண்களையும், தொகைக்கு எடுத்துக்கொண்ட விலை எந்தக் காரட்டின் விலை என்பதையும் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்று நுகர்வோர் துறை விதி செய்ய வேண்டும். அதுவரை விற்பவரே கேட்டு வாங்கலாம். எழுதித் தரத் தயங்கும் கடையை விட்டு அடுத்த கடைக்கு நடக்கலாம். திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் கடைகளுக்குப் பஞ்சம் இல்லை.